அம்பு போடுகிறவர்

முதலில் முழங்காலை ரோட்டில் ஊன்றுவார். அப்புறம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. தார் ஈரமாக இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து காயும்வரை காத்திருப்பார். காய்ந்திருந்தால் சட்டைப் பையிலிருந்து பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, சைக்கிள் சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கும் பால்பவுடர் டப்பாவை அவிழ்ப்பார். உள்ளே மஞ்சள் பெயிண்ட். அச்சு, அளவு எதுவும் கிடையாது. மூன்று இழுப்பு, அம்பு விழுந்துவிடும். எழுந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே கொஞ்ச தூரம் போய், மறுபடி மிதித்து வருவார். தான் போட்ட அம்பை யாரோ போட்டதுபோலப் பார்த்துக்கொண்டு கடப்பார். "புதுசா வர்றவன் கண்ணால பாக்கணும் சார். நம்ம கண்ணு எப்பவும் நமக்குச் சாதகமாத்தான் பேசும்" என்பார்.

நகரத்து ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய் சைக்கிள் மிதிக்க வைக்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. எந்த ரோட்டில் லாரி வராது, எது காட்டுக்குள் நிழலாகவே போகும், எது ஆற்றை விட்டுப் பிரியாமல் பள்ளத்தாக்கு முழுக்கக் கூடவே வரும் என்று முன்கூட்டியே மிதித்துப் பார்த்து வழியை முடிவு செய்ய வேண்டும். பிறகு, திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் அம்பு போட வேண்டும். போனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அந்த மலையில் ஏறி முதல் வளைவு திரும்பியதும் போன் வெறும் டார்ச் லைட்தான். அதற்கப்புறம் எல்லாருக்கும் கண்கண்ட தெய்வம் அந்த மஞ்சள் அம்பு. பல் டாக்டர்கள், வங்கி அதிகாரிகள், கல்யாணத்துக்குள் தொப்பையைக் கரைக்க வேண்டிய மாப்பிள்ளைகள், ரிட்டயர் ஆன பிறகுதான் தங்களுக்கு ஓர் உடம்பு இருப்பதைக் கவனித்தவர்கள் என்று ஒரு கூட்டம் அதை நம்பி இறங்கும். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் எப்போதும் கடைசியாக வருகிற ஒரு ஆளும் உண்டு. அது நான்.

கடைசியாக வருகிறவனுக்கு ஒரு லாபம், அம்புக்காரரோடு பேசிக்கொண்டே வரலாம். கூட்டம் போன பிறகு விட்டுப்போனது ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டு அவரும் பின்னால்தான் வருவார். ஒல்லியான ஆள். கால்கள் மட்டும் வேறொருவரிடம் இரவல் வாங்கியதுபோல உருண்டு திரண்டிருக்கும். நகக்கண்ணில் எப்போதும் மஞ்சள். சாப்பாட்டை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். நாகரிகம் என்று நினைத்துவிடக் கூடாது. "கையில டர்பென்டைன் வாசனை சார். என்ன கழுவினாலும் வாய்க்கு வர்ற சோறு பெயிண்ட் கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்." யாராவது வழி கேட்டால் வாயால் சொல்ல வராது. காற்றில் கையால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவார்.

ரோடுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாய் திறக்கும், அதுவும் புறம் பேசுகிற தொனியில். சமதளம்போலத் தெரிந்து காலைப் பிடுங்குகிற ஏற்றம் 'பொய் ரோடு'. முடிந்தது முடிந்தது என்று ஆசை காட்டி, ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் இன்னொரு ஏற்றத்தை வைத்திருப்பது 'கடன்காரன்'. ஆற்றோரமாக மூங்கில் காட்டுக்குள் ஆடாமல் அசையாமல் போகிற ரோடு ஒன்று உண்டு. அதில் சைக்கிள் சங்கிலியின் சத்தமும் தண்ணீரின் சத்தமும் தவிர வேறு கேட்காது. ஊருக்கே பிடித்த ரோடு அது. அதற்கு அவர் வைத்த பெயர் 'தூக்க மாத்திரை'. அழகான இடம் வந்தால் எல்லாரும் நின்று போட்டோ எடுப்பார்கள். அவர் குனிந்து தாரில் விரிசல் பார்ப்பார். ஒருமுறை கேட்டேன், ஆற்றைப் பார்த்ததே இல்லையா என்று. "ஆத்தைப் பாக்கறது கஸ்டமர் வேலை. ரோட்டைப் பாக்கறது நம்ம வேலை" என்றார்.

அம்பு போடுவதில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, ஆட்கள் எந்தத் திசையில் வருவார்களோ அந்தத் திசையில், அதே மாதிரி சைக்கிளில்தான் தானும் வர வேண்டும். இரண்டு, அவர்கள் எந்த வேளையில் வருவார்களோ அந்த வேளையில் வர வேண்டும். "காலைல ஒரு ரோடு சார், சாயங்காலம் வேற ரோடு. மலை நிழல் நகந்துகிட்டே இருக்கும். ஏறி வர்றவனுக்கு நின்னு யோசிக்க நேரம் இருக்கும். இறங்கி வர்றவனுக்குக் கண்ணு சிமிட்டற நேரம்தான்." இன்னொன்றும் சொல்வார். அம்பைப் போடுவதைவிட அழிப்பதுதான் கஷ்டம். வழி மாறினால் பழைய அம்பின் மேல் கறுப்பு பெயிண்ட் பூசுவார்; மஞ்சள் பொல்லாதது, நாலு மழையும் நாலு வெயிலும் பட்டால் கறுப்புக்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும். மறுபடி போய்ப் பூச வேண்டும்.

இவ்வளவு சட்டம் பேசுகிற மனிதரின் வீட்டுக்குப் போனால் ஹாலில் முதலில் கண்ணில் படுவது ஒரு கட்டில். பஸ் நிலையத்துக்குப் பின்னால் குறுகிய சந்தில் இரண்டு அறை வீடு. சுவரில் ஆணியடித்து அவருடைய சைக்கிள் தொங்கும். அதற்கு நேர் கீழே கட்டிலில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருப்பார், மனைவியின் ஒரே தம்பி. சுற்றிலும் அக்கம்பக்கத்து வீடுகளின் சுவர்க் கடிகாரங்கள், டார்ச் லைட்டுகள், பேட்டரி போட்டால் ஓடுகிற பொம்மைக் கார்கள். ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டும். மைத்துனர் எலெக்ட்ரீஷியன். பெரிய கட்டடங்களில் ஏணி போட்டு ஏறி ஒயர் இழுக்கிற வேலை. இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினால் இப்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். "பேட்டரில ஓடறது இருந்தா குடுங்க. கரண்டுல ஓடறதை நான் தொடறதில்ல."

அவர் அப்படி ஆனது சில மாதங்களுக்கு முந்தின கதைதான். மலையின் உச்சியிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ரோடு ஒன்று உண்டு. அடர்ந்த காடு, வளைவுக்கு மேல் வளைவு, கீழே பள்ளத்தாக்கில் ஆறு. அம்புக்காரர் கண்டுபிடித்து, ஏறுகிறவர்களுக்காக அம்பு போட்ட ரோடு அது. கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு ஏற்றம் கசந்துபோனது. கால் வலிக்கிறதாம். ஆட்களையும் சைக்கிளையும் வேனில் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, உருண்டு வரச் சொன்னால் கூட்டம் சேரும் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். சின்ன வயதுக்காரர், எல்லாரையும் அண்ணே என்பார், எல்லாவற்றையும் 'தானே' என்று முடிப்பார். "அம்புதானேண்ணே. தலைகீழா திருப்பிப் போட்டா போச்சு." அம்புக்காரர் ஒரு காலை வேளை கேட்டார், சைக்கிளில் இறங்கிப் பார்க்க. அந்த வாரக் கடைசியிலேயே முதல் கூட்டம் வருகிறது, நேரமில்லை, சாமான் ஏற்றிக்கொண்டு மத்தியானம் வேன் மேலே போகிறது, அதிலேயே போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார் மேனேஜர்.

போனார். வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் நிறுத்தச் சொல்லி, இறங்கி, மூன்று இழுப்பு இழுத்து, ஏறி உட்கார்ந்தார். தன் இரண்டு சட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் மீறிய ஒரே நாள் அது. ஆற்றுக்குச் சற்று மேலே ரோடு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் திரும்பினால் புதுப் பாலம். நேராகப் போனால் பழைய பாலத்துக்கு. அந்தப் பாலத்தை எப்போதோ வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ரோடு சரளைக் கல்லாகி ஆற்றங்கரைப் பாறைகளில் முடிகிறது. தடுப்புக்கு வைத்திருந்த தகர டிரம்மும் ஆற்றில்தான் கிடக்கிறது. பிரிவுக்கு முன்னால் வலது பக்கம் காட்டி அம்பைப் போட்டார். மத்தியான வெயிலில் அது பளிச்சென்று இருந்தது.

முதல் கூட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மைத்துனருக்கு இந்த விளையாட்டில் ரொம்ப நாள் ஆசை. மாமா எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தவர். அம்புக்காரர்தான் கூப்பிட்டார். தன் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு, சீட்டை மச்சினன் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். "அம்பை மட்டும் பாத்துட்டு வா மாப்ள, வேற எதையும் யோசிக்காத" என்று சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் முன்னால் பறந்த மைத்துனர் பிரிவில் திரும்பவில்லை. நேராகப் போனார். அவர் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் பின்னால் வந்தவர்கள் பிரேக் பிடித்தார்கள். இல்லாவிட்டால் இன்னும் நாலு பேர் அந்தப் பாறையில் கிடந்திருப்பார்கள். நானும் அம்புக்காரரும் வழக்கம்போல வெகு பின்னால் வந்துகொண்டிருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரை மேலே தூக்கி வந்திருந்தார்கள். இடுப்பும் ஒரு காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அம்புக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார், ரோட்டைப் பார்க்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மைத்துனர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்க அம்பு இருந்துச்சா மாமா?"

"இருந்துச்சு மாப்ள."

மேனேஜரும் அதையேதான் கேட்டார். அதே பதில். "அது போதும்ண்ணே" என்று மேனேஜர் மூச்சு விட்டார். அன்றைக்கு அது உண்மைதான். தன் கையால் போட்டதை அவர் மறந்துவிடவில்லை. பையன் வேகத்தில் கவனிக்கவில்லை என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். கூட்டமும் ஆளுக்கு ஒரு அறிவுரை சொல்லிவிட்டுக் கலைந்தது.

கால் கட்டோடு கிடந்த நாட்களில் மைத்துனரைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனது அம்புக்காரர்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டை மாட்டிவிட்டுத்தான் போவார். மனைவிக்குப் பெருமை தாங்காது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். "கூடப் பொறந்த நானே முகம் சுளிச்சிருக்கேன் சார். இவரு ஒரு நாள் ஒரு பேச்சு பேசல. யார் வீட்டுல பாப்பாங்க இப்படி?" அம்புக்காரர் அப்போது ஸ்பூனை எடுக்கவோ வைக்கவோ சமையலறைக்குள் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன்.

நினைப்பு மாறியது ஒரு காலையில். அந்த ரோட்டில் அடுத்த கூட்டத்தை விடுவதற்கு முன் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். இந்த முறை சைக்கிளில், கூட்டம் வருகிற வேளையில். உச்சியில் வெயிலுக்குக் கண் கூசியது. காட்டுக்குள் இறங்க இறங்கக் குளிர். வளைவுகளில் வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தன. பிரிவுக்கு முந்தின வளைவுவரை நல்ல வெளிச்சம், திரும்பியதும் சட்டென்று ஒரு கறுப்பு. எதிர் மலையின் நிழல் ரோட்டை முழுதாக மூடியிருந்தது. எனக்கு ரோடே தெரியவில்லை. நான் நிதானமாக வருகிற ஆள் என்பதால் பிழைத்தேன். கண் பழகி, பிரேக் பிடித்து நின்றபோது காலடியில் அம்பு கிடந்தது. ஈரத்தில், பாசி நிறத்துக்குப் போய், அம்பு என்று சொன்னால்தான் தெரிகிற மாதிரி.

அம்புக்காரர் இறங்கினார். திரும்பி ஏறிப் போனார், மறுபடி வந்தார். இன்னொரு முறை போனார், வந்தார். என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "எனக்கே தெரியல சார். நான் போட்டது. எனக்கே தெரியல."

அப்புறம் அவர் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வளைவுக்கு மேலே, வெயில் விழுகிற இடத்தில், தன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒரு புது அம்பு போட்டார். கீழே நிழலில் கிடந்த பழையதைத் துணியால் துடைத்து, வெகுநேரம் கல்லில் உட்கார்ந்து காயவைத்து, அதன் மேல் கறுப்பைப் பூசினார். அடுத்து வருகிறவன் உயிர் பிழைக்க வேண்டும் அல்லவா. செய்ய வேண்டியதைத்தான் செய்தார். அதோடு, நடந்ததற்கு அந்த மலையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாராம். "பழசை அழிச்சாச்சு, புதுசு போட்டாச்சு. அப்புறம் என்னண்ணே? வெளிய தெரிஞ்சா கம்பெனியையே இழுத்து மூடிடுவாங்க. நீங்களும் நானும் தெருவுல நிக்கணும்." வீட்டில் அம்புக்காரரின் வாயை அடைத்தது இந்த மிரட்டல்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மைத்துனரின் கால் கூடிவிட்டது. நடையில் லேசான தாங்கல், கையில் ஒரு தடி, அவ்வளவுதான். ஏணி ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அவருடைய சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர். இவருடைய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கடிகாரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இதெல்லாம் உன் வேலையாடா? கிளம்பி வா. மாசக் கடைசிவரைக்கும்தான் நான் சமாளிக்க முடியும். அதுக்கப்புறம் மேல இருந்து ஆள் போட்டுடுவாங்க."

"கால் இல்லண்ணே பிரச்சினை. கண்ணு."

"கண்ணுக்கு என்ன?"

"மாமா போட்ட அம்பையே பாக்காம போனவன் நான். கண்ணு முன்னாடி இருந்துச்சு, பாக்கல. ஏணி மேல நின்னுகிட்டு எந்த ஒயர்ல உயிர் இருக்கு, எதுல இல்லன்னு பாக்கணும். கீழ ஒருத்தன் என்னை நம்பி ஏணியப் புடிச்சிட்டு நிப்பான். அவனையும் சேத்துக் கொன்னுட்டு வந்து, கவனிக்கலண்ணேன்னு சொல்லவா?"

சூப்பர்வைசர் அதே கடிகாரத்தை மறுபடி எடுத்துத் திருப்பினார். சமையலறை வாசலில் அம்புக்காரர் நின்றிருந்தார், கையில் தட்டும் ஸ்பூனுமாக. எல்லாம் கேட்டது அவருக்கு. ஒரு வார்த்தை போதும். ஒருவனுக்கு அவன் கண்ணைத் திருப்பிக் கொடுக்கிற வார்த்தை. அவர் தட்டில் இருந்ததை மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

தெருமுனைவரை வழியனுப்ப வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்து போகும். மேனேஜருக்காக ஒரு மனிதனை உயிரோடு புதைப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மேனேஜர் கெடக்கறாரு சார். இந்த வேலை போனா வேற வேலை. அது இல்ல. கால் கட்டுல இருந்தப்ப தூக்கிட்டுப் போவேன்ல, குழந்தை மாதிரி கழுத்தைக் கட்டிக்குவான். இப்பவும் என் தோளைப் புடிச்சாத்தான் காலைல எழுந்திரிக்கறான். அக்காவைக் கூப்பிட மாட்டான், என்னைத்தான் கூப்பிடறான். சொன்னேன்னா அந்தக் கையை எடுத்துடுவான் சார். எனக்குன்னு அந்த வீட்டுல வேற என்ன இருக்கு?"

பரிதாபமாக இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். "நானே சொல்றேன். வீட்டுல வெச்சு வராது. ஞாயித்துக்கிழமை அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போய், காட்டி, சொல்லிடறேன். நீங்களும் வாங்க. நீங்க இருந்தா சொல்லிடுவேன்."

நீங்கள் இதைப் படிக்கிற இந்தப் பத்திரிகையை அந்த வீட்டிலும் வாங்குகிறார்கள். மனைவி முதலில் படிப்பார், பிறகு கட்டிலுக்குப் போகும். கடிகாரங்களுக்கு நடுவில் மடித்து வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த இதழ் மாசக் கடைசிக்கு முன் வந்துவிடும். அதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, போன ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

கம்பெனி வேனை இரவல் வாங்கி அவரே ஓட்டினார். பக்கத்தில் மைத்துனர், பின்னால் நானும் அம்புக்காரரின் மனைவியும். ரொம்ப நாள் கழித்துத் தம்பி வெளியே வருகிறான் என்று அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். பிளாஸ்க்கில் டீ, பையில் பிஸ்கட் பாக்கெட், மடியில் தம்பியின் கம்பளிச் சட்டை. ஆற்றோரத்து மூங்கில் காட்டைத் தாண்டி, காடு கறுக்கிற இடத்தில் ஏறத் தொடங்கினோம். சைக்கிளில் வருகிறவர்கள் சிலர் எதிரே உருண்டு போனார்கள், மழைக்கோட்டு படபடக்க. மைத்துனர் ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்புக்காரர் உச்சிவரை போய், வேனைத் திருப்பி, கூட்டம் வருகிற அதே திசையில் இறங்கினார். வேன்தான், ஆனாலும் திசையையும் வேளையையும் இந்த முறை மீறவில்லை. வளைவுக்கு மேலே வெயிலில் நிறுத்தினார்.

மைத்துனர் தடியை ஊன்றி இறங்கி ரோட்டு நடுவில் போய் நின்றார். காலடியில் அந்தப் பெரிய அம்பு. வெயிலில் எண்ணெய் தடவினதுபோல் மின்னியது. தடியில் சாய்ந்து குனிந்து பார்த்தார்.

"இதுவா மாமா?"

அம்புக்காரரின் வாய் திறந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வார்த்தை வந்து நின்றதுகூடத் தெரிந்தது எனக்கு.

"இவ்வளவு பெருசா" என்றார் மைத்துனர். தடியின் முனையால் அம்பின் ஓரத்தை அளப்பதுபோலத் தடவினார். அப்புறம் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அக்கா, இங்க வந்து பாரேன். நான் என்னமோ ஓரமா ஒரு கோடு மாதிரி இருந்திருக்கும், விட்டுட்டேன்னு மனசை ஏமாத்திட்டு இருந்தேன். குருடன்கூட காலால தடவிப் பாத்துத் திரும்பியிருப்பான்."

"பெயிண்ட் புதுசா இருக்கேடா" என்றார் அக்கா.

"மழை விட்டா எல்லா அம்பையும் மாமா புதுசாக்குவாருக்கா. அவர் வேலையில குறை சொல்ல முடியுமா?" திரும்பி என்னைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு சார். வந்து பாத்தது நல்லதாப் போச்சு. இனிமே சந்தேகம் இல்ல. நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

நான் அம்புக்காரரைத் தேடினேன். பக்கத்தில் இல்லை. எங்களை விட்டு நடந்து வளைவைத் தாண்டிக் கீழே போயிருந்தார். நாலு எட்டு இறங்கிப் பார்த்தேன். எதிர் மலையின் நிழல் ரோட்டை மூடியிருந்தது. அதற்குள் அவர் நின்றிருந்தார், பிரிவுக்கு முன்னால், முதுகை ஆற்றுக்குக் காட்டிக்கொண்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே ஒரு கறுப்புத் திட்டு. நடுவில் மழைக்கு வெளுத்து, மஞ்சள் எட்டிப் பார்த்திருந்தது. அந்த இடத்தில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்திருந்தார்.

தடியின் சத்தம் பின்னால் வந்தது. தம்பியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு அக்காவும் வந்தார். வளைவின் விளிம்பில், வெயில் முடிகிற இடத்தில் இருவரும் நின்றார்கள். "அங்க ஏன் மாமா நிக்கறீங்க, குளிருது பாருங்க, மேல வாங்க" என்றார் மைத்துனர்.

"இருக்கட்டும் மாப்ள."

மனைவி பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினார். ஆவி பறந்தது. "என்னங்க, ஆறிடும், வந்து வாங்கிக்கோங்க" என்று நீட்டினார். அவர் வரவில்லை. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் மெல்லக் குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்காமல் இரண்டு எட்டு நிழலுக்குள் வந்து, இன்னும் ஓர் எட்டு மிச்சமிருக்கும்போது நின்றுகொண்டார். அந்த ஓர் எட்டை அவள் கணவர் எடுத்து வைத்தால் போதும். அம்புக்காரர் உடம்பை முன்னால் சாய்த்தார், விழுந்துவிடுவாரோ என்று தோன்றும் அளவுக்குச் சாய்த்தார். பாதத்தை எடுக்காமல், மஞ்சள் நகங்கள் கொண்ட அந்தக் கையை மட்டும் டீக்காக நீட்டினார்.